ஊர் சிரித்துக் கிடைத்த வோட்டு

"சரித்திரம்" என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. அரசர்களின் பெயர்களையும் யுத்தங்களின் தேதிகளையும் நெட்டுருப் போட்ட பள்ளிக்கூட நாட்களின் ஞாபகம் அது. ஆனால் அதே சரித்திரத்தை யாராவது ரேடியோவில் ஹாஸ்ய நாடகமாக நடித்தால், சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்து கேட்பதற்கு நாம் தயார். இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரர்கள் கெட்டிக்காரர்கள். தங்கள் பாட்டன் பூட்டன்மார் செய்த அசட்டுத்தனங்களைத் தாங்களே எடுத்துச் சொல்லிச் சிரித்துக்கொள்வதில் அவர்களுக்குத் தனி ஆனந்தம். அந்நாட்டு ஸ்திரீகள் வோட்டுரிமைக்காக நடத்திய போராட்டத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 2013இல் பி.பி.சி. டெலிவிஷனில் அது ஒரு ஹாஸ்யத் தொடராக வந்தது. பான்பரி என்னும் ஊரில், 1910ஆம் வருஷத்தில், கைவேலைக்காகக் கூடும் சில பெண்மணிகள் வோட்டுக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஆலோசனை செய்யும் கதை அது.

டெலிவிஷனைக் காட்டிலும் ரேடியோதான் இந்தக் கதைக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அப்படி ஒரு ரேடியோ நாடகம் எழுதுவதென்றால் அதில் எந்தெந்தக் காட்சிகள் வரவேண்டும், எங்கே சிரிக்கலாம், எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று நேயர்களுடன் சேர்ந்து யோசித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை. கதையில் கற்பனை ஒன்றும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்.

ஆனால் முதலில் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "உரிமைக்காகச் சிறை புகுந்தவர்கள், பட்டினி கிடந்தவர்கள், உயிரையே கொடுத்தவர்கள், அவர்களுடைய கதையிலா சிரிப்பு? நம்முடைய உப்பு சத்தியாக்கிரகத்தை யாராவது கோமாளிக் கூத்தாக்கினால் நாம் பொறுப்போமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹாஸ்யம் என்பது கத்தியைப் போன்றது. யார் கையில் இருக்கிறது, யார் மேல் பாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதைக் குற்றம் சொல்ல வேண்டும்.

முதலில் சிரித்தவர்கள்

இந்தக் கதையில் கத்தியை முதலில் எடுத்தவர்கள் பெண்கள் அல்ல. "பஞ்ச்" முதலிய ஹாஸ்யப் பத்திரிகைகளைப் புரட்டினால், வோட்டுக் கேட்கும் பெண் என்பவள் மூக்குக் கண்ணாடியும் குடையுமாக, யாரும் கல்யாணம் செய்துகொள்ளத் துணியாத தோற்றத்துடன் நிற்பாள். அக்காலத்துத் தபால் கார்டுகளில் மனைவி மேடையேறிப் பிரசங்கம் செய்வாள். புருஷனோ அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி துவைப்பான். ஆண்கள் துணி துவைப்பதைவிடப் பயங்கரமான உற்பாதம் உலகத்தில் வேறு இல்லையென்று அந்தப் படங்களை வரைந்தவர்கள் மனப்பூர்வமாக நம்பியதாகத் தெரிகிறது!

பார்லிமெண்டிலும் இதே கதைதான். 1905 மே மாதத்தில் பெண்களுக்கு வோட்டளிக்கும் மசோதா ஒன்று சபைக்கு வந்தது. அதற்கு முன்னால் இன்னொரு மசோதா. சாலையில் போகும் வண்டிகளுக்குப் பின்புறத்திலும் விளக்கு வைக்க வேண்டும் என்பது பற்றியது. கனம் அங்கத்தினர்களுக்கு அன்றைக்கென்று வண்டி விளக்கின்மேல் அப்படி ஒரு பிரேமை பிறந்துவிட்டது. சிரிப்பும் கேலியுமாக வண்டியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பற்றி மணிக்கணக்காகப் பேசித் தீர்த்தார்கள். பெண்களின் மசோதாவுக்கு எஞ்சியது சுமார் அரை மணி நேரம். அதுவும் பேச்சிலேயே கழிந்தது, மசோதா செத்தது.

பத்திரிகைகளும் தம் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. வோட்டுரிமை கேட்பவர்களுக்கு "ஸஃப்ரஜிஸ்ட்" என்று கௌரவமான பெயர் ஒன்று ஏற்கனவே இருந்தது. 1906இல் "டெய்லி மெயில்" பத்திரிகை அதன் வாலை வெட்டிவிட்டு, "ஸஃப்ரஜெட்" என்று சின்னஞ்சிறு வால் ஒன்றை ஒட்டியது. பொம்மைப் பொருள்களுக்கும் போலிச் சரக்குகளுக்கும் ஒட்டுகிற வால் அது. பரிகாசம் பலிக்கும் என்று நினைத்தார்கள். அந்தப் பெண்களோ, "பெயர் நன்றாயிருக்கிறதே!" என்று அதையே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். 1912இல் தங்கள் பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். கல்லை எறிந்தவன் திகைத்து நிற்க, அடிபட்டவள் அந்தக் கல்லைக் கொண்டே வீட்டுக்குப் படி கட்டிக்கொண்டாள்!

ஆப்பிள் கூடையும் மண்பாண்டக் கடையும்

இனி நாடகத்தின் முதற் காட்சிக்கு வருவோம். 1866 ஜூன் 7ந் தேதி. லண்டனில் பார்லிமெண்டை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். எமிலி டேவிஸ், எலிஸபெத் காரெட் என்னும் இரண்டு பெண்மணிகள் ஒரு பெரிய காகிதச் சுருளைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட வோட்டுரிமை மனு அது. ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் தத்துவ ஞானி அப்போது பார்லிமெண்டு அங்கத்தினர். மனுவைச் சபையில் சமர்ப்பிக்க இசைந்திருந்தவர் அவர்தான். அவர் அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் உற்றுப் பார்க்கவே இவர்களுக்குக் கூச்சமாய்ப் போயிற்று. அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் சென்று, "இதைக் கொஞ்சம் ஒளித்து வைக்க முடியுமா, அம்மா?" என்று கேட்டார்கள். அவளும் சுருளை வாங்கித் தன் கடைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஆங்கிலப் பார்லிமெண்டின் போக்கையே மாற்றப் போகும் மனு, ஆப்பிள் பழங்களுக்குக் கீழே பதுங்கியிருக்கிறது! பிறகு மில் வந்து சேர்ந்தார். சுருளின் பருமனைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். மறு வருஷம், 1867 மே மாதத்தில், தேர்தல் சீர்திருத்த மசோதாவில் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நபர்" என்று போடும்படி திருத்தம் கொண்டுவந்தார். அவருக்கு ஆதரவாக 73 பேர்; எதிராக 196 பேர். பெண்கள் நபர்கள் அல்ல என்று சபை தீர்மானித்துவிட்டது.

இரண்டாவது காட்சி மான்செஸ்டர் நகரத்தில். சிறு பாண்டக் கடை வைத்துப் பிழைத்த லில்லி மாக்ஸ்வெல் என்பவளின் பெயர் யாரோ ஒரு குமாஸ்தாவின் தவறுதலால் வோட்டர் ஜாபிதாவில் ஏறிவிட்டது. ஜாபிதாவில் பெயர் இருந்தால் தடுக்க முடியாது. 1867 நவம்பரில் நடந்த உபதேர்தலில் லிடியா பெக்கர் என்னும் பெண்மணி துணைக்கு வர, அவள் வோட்டுச் சாவடிக்குப் போனாள். அந்நாளில் இரகசிய வோட்டு இல்லை. 1872இல்தான் அந்தச் சட்டம் வந்தது. அதிகாரிக்கு முன்னால் நின்று, இன்னாருக்கு என் வோட்டு என்று வாயால் சொல்ல வேண்டும். லில்லி மாக்ஸ்வெல் சொன்னாள். கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அவள் ஆதரித்த ஜேக்கப் பிரைட் ஜயித்தும் விட்டார்.

இதைப் பார்த்த மற்றப் பெண்களும் ஜாபிதாவில் பெயர் பதிய முயன்றார்கள். சட்டப் புத்தகத்தில் அவர்களுக்குச் சாதகமான விதியும் இருந்தது. சட்டங்களில் "ஆண்" என்று ஆண்பாலில் சொல்லியிருந்தால் அது பெண்ணையும் குறிக்கும் என்று 1850இல் பார்லிமெண்டே விதித்திருந்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1868இல் நீதிபதிகள் கூடி ஆராய்ந்து, வோட்டு விஷயத்தில் மட்டும் "ஆண்" என்றால் ஆண்தான் என்று தீர்ப்பளித்தார்கள். வரி கட்டுகிறபோது ஆணுக்குள் அடங்கிய பெண், வோட்டுப் போடுகிறபோது வெளியே வந்துவிடுகிறாள்! இலக்கணத்தில் இதற்கு என்ன பெயர் என்று நம்முடைய வித்துவான்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்கலாம், தெரியக்கூடாது

இப்போது ரேடியோ ஏன் பொருத்தம் என்று சொல்கிறேன். பார்லிமெண்டு காமன்ஸ் சபையில் பெண்கள் உட்கார்ந்து கேட்பதற்கென்று மேலே ஒரு மாடம் இருந்தது. அந்த மாடத்தின் முன்புறம் கனமான உலோகத் தட்டி. உள்ளே இருப்பவர்களுக்குச் சபை அரைகுறையாகத் தெரியும். சபையில் இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் தெரியவே மாட்டார்கள். பெண்களின் முகத்தைக் கண்டால் அங்கத்தினர்களின் கவனம் சிதறிவிடுமாம். ஆக, தேசத்தின் சட்டங்கள் செய்யப்படும்போது அந்தத் தேசத்துப் பெண்கள் நம் ரேடியோ நேயர்களைப் போலவே இருந்தார்கள். கேட்கலாம்; மறுத்துப் பேச முடியாது.

1908 அக்டோபர் 28ந் தேதி இரவு அந்தத் தட்டிக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒரு பெண் குரல் கேட்டது. பேசியவர் மியூரியல் மேட்டர்ஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நடிகை. ஆகையால் குரலுக்குக் குறைவில்லை. காவலர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். அம்மாள் அசையவில்லை. அவரும் ஹெலன் பாக்ஸ் என்னும் தோழியும் தங்களைச் சங்கிலியால் தட்டியோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சாவியைக் காணோம். கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்களைத் தட்டியிலிருந்து பிரிக்க முடியாததால், தட்டியையே சுவரிலிருந்து பிரித்தார்கள். இரண்டு பெண்களும் தட்டியுமாக ஊர்வலம் பக்கத்து அறைக்குச் சென்றது. அங்கே அரம் கொண்டுவந்து அறுத்தார்கள்.

ரேடியோவில் இந்தக் காட்சிக்கு வர்ணனையே வேண்டாம். கனம் அங்கத்தினரின் கம்பீரமான குரல், அதை வெட்டிக்கொண்டு ஒரு பெண் குரல், சங்கிலியின் கலகலப்பு, அரத்தின் கரகரப்பு. ஒன்பது வருஷம் கழித்து, 1917இல், அந்தத் தட்டிகளைச் சபையே தீர்மானித்து எடுத்துவிட்டது. பார்லிமெண்டின் மத்திய மண்டபத்து ஜன்னல்களில் அவை இன்றும் இருக்கின்றன.

ஆகாயத்திலும் தபாலிலும்

1909 பிப்ரவரி மாதத்தை நாடகாசிரியர்களுக்கென்றே கடவுள் படைத்தார் போலும். பார்லிமெண்டைத் திறந்துவைக்க எட்வர்ட் மன்னர் பவனி வரும் சமயத்தில், வானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களைப் பொழிவது என்று நமது மியூரியல் மேட்டர்ஸ் திட்டம் போட்டார். 80 அடி நீளமுள்ள ஓர் ஆகாயக் கப்பல். அதன் பக்கத்தில் "பெண்களுக்கு வோட்டு" என்று கொட்டை எழுத்து. கீழே தொங்கிய கூடை போன்ற சட்டத்தில் அம்மாள் ஏறிக்கொண்டார். ஆனால் வாயு பகவான் எந்தக் கட்சி என்பதை யாரும் விசாரிக்கவில்லை. காற்று கப்பலை வேறு திசையில் தள்ளிக்கொண்டு போயிற்று. மன்னர் தலையில் விழ வேண்டிய காகிதங்கள் லண்டனின் வேறு பேட்டைகளில் விழுந்தன. கப்பலோ ஸர்ரி ஜில்லாவில் கூல்ஸ்டன் என்னும் ஊரில் ஒரு மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. மறுநாள் பத்திரிகைகளில் இதே பேச்சு. அம்மாள் விரும்பியதும் அதுதானே?

அதே மாதம் 23ந் தேதி நடந்தது இதையும் தோற்கடித்தது. மனிதர்களையும் அஞ்சலாக அனுப்பலாம் என்று தபாலாபீஸ் விதிகள் இடங்கொடுப்பதை யாரோ ஒரு புத்திசாலிப் பெண் கண்டுபிடித்தாள். எல்ஸ்பெத் மெக்லெலண்ட், டெய்ஸி ஸாலமன் என்னும் இருவரும் தபாலாபீஸுக்குப் போய், மூன்று பென்ஸ் கட்டணம் செலுத்தி, தங்களைத் தாங்களே கடிதமாக அனுப்பிக்கொண்டார்கள். விலாசம்: பிரதம மந்திரி அஸ்க்வித், 10, டௌனிங் தெரு. தந்திச் சேவகப் பையன் ஒருவன் இரண்டு "கடிதங்களையும்" அழைத்துக்கொண்டு பிரதம மந்திரியின் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்த உத்தியோகஸ்தர் வாங்க மறுத்துவிட்டார். விநியோகிக்க முடியாத கடிதத்தை என்ன செய்வது? அனுப்பியவர்களிடமே திருப்பிச் சேர்ப்பதுதானே விதி? அப்படியே திருப்பிச் சேர்த்தார்கள்.

பெண்களின் தூதுக் கோஷ்டியைப் பிரதம மந்திரி பார்க்க மறுத்தார். மனுக் கொடுத்தால் படிக்கவில்லை. வாசலுக்குப் போனால் போலீஸார் பிடித்தார்கள். கடிதமாகவாவது போய்ப் பார்ப்போம் என்றார்கள். அதுவும் திரும்பி வந்தது. இங்கே சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மைத்துனி வந்தாள், அத்தை வந்தாள்

பெண்கள் தாங்களே நாடகமும் எழுதினார்கள். 1908இல் நடிகைகள் சேர்ந்து வோட்டுரிமைக்காக ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். மறு வருஷம் ஸிஸிலி ஹாமில்டனும் கிறிஸ்டபர் ஸென்ட் ஜானும் எழுதிய "வோட்டு எப்படிக் கிடைத்தது" என்னும் ஓரங்க நாடகம் அரங்கேறியது. கிறிஸ்டபர் என்பது ஆண் பெயராயிருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அவரும் ஒரு பெண்மணியே.

கதை இதுதான்: பெண்களைக் காப்பாற்ற ஆண்கள் இருக்கிறார்கள், ஆகையால் அவர்களுக்கு வோட்டு வேண்டாம் என்று சர்க்கார் சொல்கிறது. "அப்படியா? காப்பாற்றுங்கள்!" என்று தேசத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு, நெருங்கிய ஆண் உறவினன் வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். பிரிக்ஸ்டன் பேட்டையில் வசிக்கும் ஹொரேஸ் கோல் என்னும் சாதாரணக் குமாஸ்தாவின் வீட்டில் வேலைக்காரி கிளம்பிவிடுகிறாள். பிறகு உபாத்தியாயினியாயிருந்த சகோதரி பெட்டியுடன் வருகிறாள். நாவல் எழுதும் மருமகள் வருகிறாள். தையற்கடை நடத்தியவள், பாட்டுக் கொட்டகையில் பாடியவள், சாப்பாட்டு விடுதி வைத்திருந்த அத்தை என்று ஒவ்வொருவராக வந்து இறங்குகிறார்கள். அத்தனை பேரையும் ஒரு குமாஸ்தாச் சம்பளத்தில் காப்பாற்றுவதாவது! காலையில் பெண்களின் வோட்டை எள்ளி நகையாடிய அந்த மனிதர், நாடகம் முடிவதற்குள் அதற்காக முழக்கமிட்டுக்கொண்டு பார்லிமெண்டை நோக்கி ஓடுகிறார்.

திடீர் விருந்தாளிகள் என்றால் என்ன என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா? நூறு பிரசங்கங்கள் செய்யாததை இந்த ஓரங்கம் செய்திருக்கும். சம்பாதித்துச் சாப்பிடும் பெண்கள் எத்தனை பேர் என்று புள்ளி விவரம் கொடுத்தால் தூக்கம் வரும். அவர்கள் மூட்டையுடன் வாசலில் வந்து நின்றால் தூக்கம் கலைந்துதானே தீர வேண்டும்?

சிரிப்பு நிற்கும் இடம்

இதுவரையில் சிரித்தோம். இனி நாடகத்தில் வாத்தியங்கள் ஓய வேண்டும்.

லிட்டன் பிரபு என்ற பெயர் தமிழ் நாட்டில் நல்ல ஞாபகத்துக்குரியதல்ல. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் லட்சக் கணக்கில் மடிந்தபோது, டில்லியில் தர்பார் நடத்திய வைஸ்ராய் அவர்தான். அவருடைய குமாரி கான்ஸ்டன்ஸ் லிட்டன். வோட்டுப் போராட்டத்தில் 1909இல் சிறை சென்று உண்ணாவிரதம் இருந்தபோது, பிரபு வீட்டுப் பெண் என்று அறிந்து, இருதய பலவீனம் என்று காரணம் சொல்லி அவரை விடுதலை செய்தார்கள். ஏழைப் பெண்களுக்கோ அந்தத் தயவு கிடைக்கவில்லை. 1909 செப்டம்பர் முதல் சிறையில் பட்டினி கிடந்தவர்களின் தொண்டையிலும் மூக்கிலும் குழாயைச் செலுத்திப் பலவந்தமாக உணவு ஊற்றினார்கள்.

கான்ஸ்டன்ஸ் லிட்டன் ஒரு வேஷம் போட்டார். தலைமயிரைக் கத்தரித்து, மலிவான உடையும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, "ஜேன் வார்ட்டன், தையற்காரி" என்று பெயர் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றே தம்மை அவலட்சணமாக்கிக்கொண்டார். பத்திரிகைகளில் பரிகாசமாக வரைந்தார்களே, அதே உருவம்! 1910 ஜனவரியில் லிவர்பூலில் கைதாகி வால்ட்டன் சிறைக்குப் போனார். தையற்காரியின் இருதயத்தை அவர்கள் சரிவரப் பரிசோதிக்கவில்லை. எட்டுத் தடவை குழாயைச் செலுத்தினார்கள். 1912இல் பாரிச வாயு வந்து வலக்கை விழுந்தது. இடக்கையால் எழுதப் பழகித் தம் சிறை அனுபவங்களைப் புத்தகமாக 1914இல் வெளியிட்டார். 1923இல் காலமானார்.

இன்னொருவர் எமிலி வைல்டிங் டேவிஸன். 1911 ஏப்ரல் 2ந் தேதி ஜனத்தொகைக் கணக்கு எடுத்த இரவில், வோட்டில்லாத எங்களைக் கணக்கில் மட்டும் சேர்ப்பானேன் என்று பல பெண்கள் வீட்டை விட்டு வெளியேறிவிட்டார்கள். லண்டனில் ஒரு சறுக்கு விளையாட்டுக் கொட்டகையில் இரவெல்லாம் சறுக்கிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. டேவிஸன், பார்லிமெண்டுக் கட்டடத்தின் அடித்தளக் கோயிலிலுள்ள ஓர் அலமாரி அறையில் ஒளிந்துகொண்டார். கணக்குக் காகிதத்தில் தம் இருப்பிடம் பார்லிமெண்டு என்று பதிவாக வேண்டும் என்பது அவர் எண்ணம். பதிவாகியும் விட்டது. அவர் குடியிருந்த வீட்டுக்காரியும் தன் காகிதத்தில் அவரைச் சேர்த்துவிட்டாள். ஒரு வோட்டுக்கூட இல்லாத பெண்ணைச் சர்க்கார் இரண்டு தடவை எண்ணிவிட்டது!

இங்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அதே டேவிஸன் 1913 ஜூன் 4ந் தேதி எப்ஸம் குதிரைப் பந்தயத்தில் ஓடுகளத்துக்குள் புகுந்து, மன்னரின் குதிரை மோதி வீழ்ந்து, 8ந் தேதி உயிர் நீத்தார். நல்ல ரேடியோ நாடகம் அந்த இடத்தில் குளம்பொலியைக் கேட்கச் செய்து, பிறகு சில விநாடிகள் ஒன்றுமே கேட்கச் செய்யாது. வானொலியில் மௌனத்தைப்போல் பயங்கரமான சப்தம் வேறில்லை.

ஆனால் சிறைக்குள்ளிருந்தும் அவர்கள் சிரிப்பை விடவில்லை. 1912இல் ஹாலவே சிறையில், எதெல் ஸ்மித் என்னும் சங்கீத மேதை, தாம் இயற்றிய போராட்டப் பாட்டைக் கைதிகள் முற்றத்தில் பாடி நடந்தபோது, மேல் ஜன்னலிலிருந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஆட்டித் தாளம் போட்டாராம். பார்க்கப் போயிருந்த தாமஸ் பீச்சம் என்னும் சங்கீத வித்துவான் இதைக் கண்டு சொல்லியிருக்கிறார்.

கடைசிக் காட்சி

1918இல் பார்லிமெண்டு இறங்கி வந்தது. ஆனால் ஹாஸ்யம் தீரவில்லை. ஆண்களுக்கு வோட்டு 21 வயதில். பெண்களுக்கு 30 வயதில், அதுவும் தனக்கோ புருஷனுக்கோ குறிப்பிட்ட சொத்துரிமை இருந்தால். அதே வருஷக் கடைசியில் 21 வயதான பெண்கள் பார்லிமெண்டுக்கு நிற்கலாம் என்று மற்றொரு சட்டம் செய்தார்கள். 25 வயதுப் பெண் ஒருத்தி சட்டம் செய்யும் சபையில் உட்காரலாம். ஆனால் அந்தச் சபைக்கு வோட்டுப் போடக்கூடாது! 1928 ஜூலையில்தான் இருபாலார்க்கும் சமமான வோட்டு வந்தது. 1903இல் போராட்டச் சங்கத்தை ஆரம்பித்த எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் அதைக் காணவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான், ஜூன் 14ந் தேதி, அவர் காலமாகியிருந்தார்.

இந்தக் கதைக்கும் நமக்கும் உறவில்லையென்று நினைக்க வேண்டாம். 1906இல் லண்டன் சென்றிருந்த காந்திஜி, அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்த அந்தப் பெண்களைப் பற்றி "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையில் வியந்து எழுதினார். பின்னர் அவர்களில் சிலர் பலாத்கார முறைகளில் இறங்கியதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங்கின் பேத்தி ஸோபியா துலீப் சிங், வோட்டில்லாமல் வரியில்லை என்று மறுத்து நின்றார். சர்க்கார் அவருடைய வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்தவர் அவருடைய தோழி. உடனே அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1910இல் டௌனிங் தெருவில் கல்லெறிந்து ஹாலவே சிறையில் ஒரு மாதம் இருந்த மார்கரெட் கஸின்ஸ் என்னும் ஐரிஷ் பெண்மணி, 1915இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வருஷம் டிசம்பரில் ஸ்ரீமதி சரோஜினி நாயுடுவின் தலைமையில் ஒரு தூதுக் கோஷ்டி சென்னையில் மாண்டேகு துரையைக் கண்டு பெண்களுக்கும் வோட்டுக் கேட்டது. 1921இல் சென்னைச் சட்டசபை, இந்திய மாகாணங்களில் முதன்முதலாக, சொத்து நிபந்தனையுடன் அதை வழங்கியது. கஸின்ஸ் அம்மையார் 1932இல் நம் சுதந்திரப் போரில் பேச்சுரிமைக்காக வேலூர்ச் சிறைக்கும் போனார். இங்கிலாந்து, அயர்லாந்து, இந்தியா என்று மூன்று தேசத்துச் சிறைகளையும் கண்டவர் அவர்.

சுதந்திர பாரதம், சொத்தென்றும் படிப்பென்றும் நிபந்தனை வைக்காமல், வயது வந்த ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே நாளில் வோட்டளித்தது. அதைப்பற்றி நாம் பெருமைப்படலாம். ஆனால் 1951–52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. வட நாட்டில் ஏராளமான பெண்கள், வந்த உத்தியோகஸ்தர்களிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னானுடைய தாய்" என்று மட்டும் சொன்னார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் செல்லாது என்று நீக்கியதில் சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவிலிருந்து விடுபட்டுப் போனார்கள்.

மான்செஸ்டரில் ஒரு பெண்ணின் பெயர் தவறுதலாக ஜாபிதாவில் ஏறியது. அவள் போய்த் தன் வாயால் வோட்டைச் சொன்னாள். அவளைத் தொடர்ந்தவர்களைக் கோர்ட்டார் வெளியே தள்ளினார்கள். அதற்குப் பின் அறுபது வருஷம் ஊர் சிரிக்கப் போராடினார்கள். இங்கே சட்டம் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது. 28 லட்சம் பேர் பதில் சொல்லவில்லை. அவர்கள் வெட்கப்பட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பெயர் சொல்லத் தேவையில்லாமல் அவர்களை வளர்த்துவிட்ட வீடுகள் யாருடையவை?

ரேடியோ நாடகம் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை இது. கடைசிக் காட்சியில் பேண்டு வாத்தியமும் ஜயகோஷமும் வேண்டாம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் சப்தம். "உங்கள் பெயர்?" என்று ஒரு குரல். சற்று நேரம் மௌனம். பிறகு ஒரு பெண் குரல், யாருடைய மனைவியென்றும் யாருடைய தாயென்றும் சொல்லாமல், தன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. அத்துடன் நாடகம் முடியட்டும்.